நம்ம ஊர் வெயிலுக்கு எந்தப் பேனல்? முகாம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பாரிவாக்கம், பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடிப் பக்கமிருந்து வார இறுதியில் டெண்டும் பையுமாகக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு,



நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பவர் ஸ்டேஷன், அதாவது பேட்டரிப் பெட்டி, வாங்கியிருக்கிறீர்கள், அதைச் சார்ஜ் செய்ய மடக்குச் சோலார் பேனல் தேடுகிறீர்கள் என்று தெரியும். கூரைச் சோலார் வேலையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் உங்களில் சிலர் என்னிடமே வந்து கேட்டீர்கள். நூறு வாட் போதுமா, இருநூறு வேண்டுமா, எந்தக் கம்பெனி நல்லது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். தெருமுனையில் நின்று பாதிப் பதில் சொல்வதைவிட, எல்லாருக்குமாக உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

வாட் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: உங்கள் பெட்டி எத்தனை வோல்ட் தாங்கும், நம் ஊர் வெயில் எந்த மாதத்தில் எப்படி விழுகிறது. விற்கப்படும் மடக்குப் பேனல்களில் பெரும்பாலானவை நம்மைவிட வடக்கே, குளிர்ந்த ஊர்களில் முகாம் போடுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் நம் வெயிலிலும் நன்றாக வேலை வாங்கலாம். தெரியாமல் வாங்கினால் கொடுத்த பணத்தில் பாதி மொட்டை மாடியிலேயே கரைந்துபோகும்.

அதற்கும் முன்னால், சிலருக்குப் பேனலே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முதுகில் பை மாட்டி நடந்து மலையேறி, ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்புகிறவர்களுக்கு அது வீண் சுமை. 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்கில் ஏறக்குறைய 74 வாட் மணி இருக்கும். இரண்டு பேருடைய போனுக்கும் ஒரு தலைவிளக்குக்கும் இரண்டு நாள் தாராளமாக வரும். அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைப்பாதைகள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில், பூண்டி ஏரிக்கு அப்பால் இருக்கும் குடியம் குகைப் பாதையும் அதில் ஒன்று. இந்த மாதிரி நடைகளுக்கு வீட்டிலேயே சார்ஜ் போட்ட பவர் பேங்க் போதும். பையின் முதுகில் பேனலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது படத்துக்கு நன்றாக இருக்கலாம். நடக்கும் ஆளின் முதுகு சூரியனைப் பார்ப்பது எப்போதோ ஒரு தடவைதான். மரநிழலில் அதுவும் இல்லை.

பேனல் வேண்டியது காரிலோ வேனிலோ போய் இரண்டு மூன்று நாள் ஓரிடத்தில் தங்குகிறவர்களுக்கு. காவலூர் வானாய்வு மையம் இருக்கும் சவ்வாது மலைப் பக்கம் அனுமதி வாங்கித் தங்கி, தொலைநோக்கியோடு வானம் பார்க்கும் பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள். தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டார், கேமரா, மடிக்கணினி என்று ராத்திரி முழுக்க கரண்ட் வேண்டும்; பகலெல்லாம் வெட்டவெளி வெயில் சும்மா கிடக்கும். அங்கே பேனல் தன் விலைக்கு உழைக்கும்.

இன்னொரு உபயோகமும் இருக்கிறது. என் மனசில் அதுதான் பெரியது.

நம் பக்கத்து டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்த அந்த ராத்திரி. அடுத்த வருடமே, 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, புறநகரில் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் என்று இந்த மேற்குப் பக்கமும் தண்ணீரில் நின்றது. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். டவர்களும் படுத்ததால் போன் பேச முடியவில்லை. இந்தப் புயல்களில் ஒரு பழக்கம் உண்டு. மழை கொட்டும் நாளில் வெயில் இருக்காது. ஆனால் புயல் கடந்துபோன மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வானம் பெரும்பாலும் வெளுத்துவிடும். வெயில் அடிக்கும், கரண்ட் மட்டும் வராது. ஒரு மடக்குப் பேனலும் ஒரு பெட்டியும் ஒரு தெருவுக்கே துணையாக நிற்கக்கூடிய நாட்கள் அவைதான்.

"எங்க மாடியில்தான் ஏற்கெனவே மூணு கிலோவாட் சோலார் இருக்கே" என்று சிலர் நினைப்பீர்கள். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் கூரைச் சோலார், வாரியத்தின் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் போய்விடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பேட்டரி சேர்த்த அமைப்பு வைத்திருந்தால் ஒழிய, மாடி நிறையப் பேனல் இருந்தும் கரண்ட் கட்டில் ஒரு பல்பு எரியாது. மானியத்தில் கூரைச் சோலார் போட்ட பலருக்கு இது முதல் புயலில்தான் தெரியவருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. மாடியில் சும்மா கிடக்கும் ஒரு பெரிய பேனலைக் கழற்றி முகாம் பெட்டியில் சொருகிவிடலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால், தயவுசெய்து கையை எடுங்கள். ஏன் என்பதற்கு வோல்ட் கணக்குக்குப் போக வேண்டும்.

பவர் ஸ்டேஷனில் சோலார் வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்திலோ, கூட வந்த கையேட்டிலோ ஒரு வரி இருக்கும். 12 முதல் 28 வோல்ட், அதிகபட்சம் 10 ஆம்பியர் என்பது போல. பெரிய பெட்டிகளில் 11 முதல் 60 வோல்ட் வரை கூட இருக்கும். இந்த வரிதான் உங்கள் பேனலைத் தேர்ந்தெடுக்கிறது. பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு வோல்ட் எண்கள் இருக்கும். ஒன்று வேலை செய்யும்போது இருக்கும் வோல்ட். நூறு வாட் மடக்குப் பேனல்களில் ஏறக்குறைய 18. இன்னொன்று எதிலும் சொருகாமல் வெறுமனே வெயிலில் இருக்கும்போது வரும் வோல்ட். அதை விஓசி என்று போட்டிருப்பார்கள். அது 22 பக்கம் இருக்கும். பெட்டியின் மேல் எல்லையோடு ஒப்பிட வேண்டியது இந்த விஓசியைத்தான். நிறையப் பேர் 18ஐப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

நூறு வாட் பேனல் இரண்டை ஒன்றின் பிளஸ்ஸை இன்னொன்றின் மைனஸோடு கோத்துத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும்: 22ம் 22ம் 44. இதை 28 வோல்ட் பெட்டியில் சொருகினால் உள்ளே இருக்கும் சார்ஜ் சர்க்யூட் எரிந்துபோகலாம். வாரண்டியும் கிடைக்காது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்கவாட்டில் இணைத்தால் வோல்ட் 22 ஆகவே இருக்கும், ஆம்பியர்தான் கூடும். ஆம்பியர் கூடினால் பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் வீணாகும், அவ்வளவுதான். கூரையில் போடும் 540 வாட் பேனலின் விஓசி 50 வோல்ட் பக்கம் வரும். 28 வோல்ட் பெட்டிக்கு அது எமன்.

இன்னொன்று. பேனல் குளிர்ந்தால் வோல்ட் ஏறும். நம் ஊரில் பிரச்சினை இல்லை. கொடைக்கானலிலோ மணாலியிலோ உறைபனி விடியலில் 22 வோல்ட் பேனல் 23, 24 வரை போகும். அதனால் எல்லைக்கு ஒட்டி வாங்காமல், பத்துப் பதினைந்து சதவீதம் இடைவெளி விட்டு வாங்குங்கள். (விமானத்தில் இமயமலைக்குப் போகிறவர்கள் பெட்டியைக் கொண்டுபோகும் நினைப்பையே விட்டுவிடுங்கள். 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பேனல் மட்டும் போகலாம்.)

சொருகும் பின் விஷயத்தில்தான் கடைசி நிமிடச் சிக்கல் வரும். கூரைப் பேனல்களில் எம்சி4 கனெக்டர் இருக்கும். பெட்டிகளில் ஒன்றில் மஞ்சள் நிற எக்ஸ்டி60, ஒன்றில் 8 மில்லிமீட்டர் உருண்டைப் பின், ஒன்றில் 5.5 மில்லிமீட்டர் பின். மாற்று வயர்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் சில மாற்று வயர்களில் பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வயர் வாங்கும்போதே ஒரு சாதாரண மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். பேனலை வெயிலில் வைத்து, பெட்டியில் சொருகும் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் வயர் தலைகீழ். இந்தச் சோதனை செய்யாமல் புது வயரைப் பெட்டிக்குள் விடாதீர்கள்.

அப்புறம், நம் பக்கத்து எலக்ட்ரிக் கடைகளில் 12 வோல்ட் பேனல் கேட்டால் கூடவே ஒரு சின்னச் சார்ஜ் கன்ட்ரோலரும் தருவார்கள். அது லாரி பேட்டரிக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் உரியது. பவர் ஸ்டேஷனுக்குள்ளேயே கன்ட்ரோலர் இருக்கிறது. நடுவில் இன்னொன்றை வைத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு, சார்ஜ் ஏறாமல் நிற்கும். பேனலிலிருந்து நேரே பெட்டிக்கு.

இனி வாட். பேனல் வரும் அட்டையில் 300 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். விலை ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும். இதைப் பிடிக்க இஞ்ச் டேப் போதும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறக்குறைய 1000 வாட். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய முதல் சிலிக்கான் செல் அதில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல மோனோ செல் 20 முதல் 23 சதவீதம் வரை தருகிறது. ஆகவே ஒரு சதுர மீட்டர் கறுப்புச் செல்லுக்கு 200 முதல் 230 வாட். அதற்கு வெகுவாக மேலே யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். துணியையும் ஓரத்தையும் விட்டுவிட்டு, செல் இருக்கும் பகுதியின் நீள அகலத்தை மட்டும் அளந்து பெருக்குங்கள். நூறு வாட் என்றால் அரை சதுர மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். அரை சதுர மீட்டரில் 300 வாட் என்பது பொய்.

பின்புறம் சோலார் பேனல் ஒட்டிய பவர் பேங்க் விற்கிறார்களே, அதற்கும் இதே கணக்கு. 15 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் பேனல் என்றால், எவ்வளவு நல்ல செல்லாக இருந்தாலும் இரண்டரை வாட்டைச் சுற்றித்தான். 74 வாட் மணியை நிரப்ப முழு உச்சி வெயில் முப்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு வாரம் வெயிலில் காய வேண்டும். அதற்குள் சூட்டில் உள்ளே இருக்கும் பேட்டரி கெட்டுவிடும். வாங்காதீர்கள்.

நல்ல பேனலாகவே இருந்தாலும் பின்னால் எழுதிய வாட் நமக்கு வராது. அந்த எண் செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. பாரிவாக்கத்து மொட்டை மாடியில் ஏப்ரல் மதியம் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், சூட்டுக்கு மட்டுமே 12 முதல் 14 சதவீதம் போயிற்று. தூசு, வயர், பெட்டியின் கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து நூறு வாட் பேனலில் 70 வாட் வந்தால் அது நல்ல பேனல். 70 வருகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 45 வந்தால் போங்கள்.

சூட்டைக் குறைக்க நம் கையில் ஒரு வழி இருக்கிறது. மடக்குப் பேனலைத் தளத்தின் மேல் அப்படியே விரிக்காதீர்கள். கான்கிரீட் தரையின் சூடு கீழிருந்தும் வரும். ஒரு கயிற்றுக் கட்டிலின் மேல் விரியுங்கள்; கீழே காற்று ஓடும். கட்டில் இல்லாவிட்டால் நாலு செங்கல்லும் இரண்டு சவுக்குக் கம்பும் போதும்.

அடுத்தது கோணம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீங்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மடக்குப் பேனலின் பின்னால் துணியில் தைத்த கால்கள் இருக்கும். நிற்கவைத்தால் 45 டிகிரியை ஒட்டிச் சாய்ந்து நிற்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சூரியன் தாழ்வாகவே போகும். அவர்களுக்கு அந்தச் சாய்வு பொருத்தம். நாம் இருப்பது வடக்கே 13 டிகிரியில். டிசம்பர் 21 அன்று நமக்கு மதியச் சூரியன் தெற்கே, தொடுவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் இருக்கும். பேனலைத் தெற்கு நோக்கி 36, 37 டிகிரி சாய்த்தால் வெயில் நேராக விழும். 45 டிகிரிக் கால் வைத்தாலும் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆக, புயல் மாதத்துக்கு அந்தக் கால் சரியானதே.

கோடை வந்தால் கதை மாறுகிறது. ஏப்ரல் 25 பக்கம் சூரியன் நமக்கு உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அதற்குப் பிறகு நமக்கு வடக்கே போய், ஆகஸ்ட் 18 பக்கம் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே திரும்பும். இந்த நாலு மாதத்தில் வழக்கம்போல 45 டிகிரியில் தெற்கு பார்த்துப் பேனலை நிறுத்தினால், மே மாத மதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரடி வெயில் போய்விடும். ஜூனில் நாற்பது சதவீதத்துக்கு மேல். கோடை விடுமுறை முகாமில் இருநூறு வாட் பேனல் எழுபது, எண்பது வாட் தருகிறது என்று புலம்பும் குழுக்கள் பலவற்றுக்குக் காரணம் இந்தக் கால்தான். மேயிலும் ஜூனிலும் மதியத்தில் பேனலைப் படுக்க வையுங்கள். காலையில் கிழக்கே சாய்த்து, மதியம் படுக்கவைத்து, மூன்று மணிக்கு மேற்கே திருப்புங்கள். கூரைப் பேனலுக்கு இல்லாத வசதி இது; கையில் தூக்கித் திருப்பலாம் என்பதற்காகத்தானே மடக்குப் பேனலுக்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம். வாங்கும்போது காலின் சாய்வை மாற்ற முடிகிற பேனலாகப் பாருங்கள். ஒரே சாய்வில் தைத்தது நமக்கு ஆகாது.

நிழல் விஷயத்தில் சலுகையே கிடையாது. பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் நிழலில் படுத்தால், அந்தக் கோவை முழுவதும் அதன் அளவுக்கு இறங்கும். நல்ல பேனல்களில் பைபாஸ் டையோடு வைத்து இழப்பைக் கொஞ்சம் கட்டுப்படுத்துவார்கள். மலிவுப் பேனல்களில் அதுவும் இருக்காது. தென்னை ஓலை ஒன்றின் நிழல் கோடு பேனலின் மேல் விழுந்தால் பாதி கரண்ட் போகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனிக் கம்பிக்குள் பேனலை வைத்துவிட்டு, ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தக் கம்பி நிழல்தான். வடக்கு பார்த்த பால்கனிக்கு டிசம்பரில் நேர் வெயிலே வராது. மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, புயல் நாளில் திறந்துவிடுவார்களா என்பதைக் குடியிருப்போர் சங்கத்தோடு இப்போதே பேசிவையுங்கள். பேனல் வாங்குவதைவிட அது அவசரம்.

மடக்குவதா, கண்ணாடிப் பேனலா? மலைக்கும் போக வேண்டும், வீட்டுக்கும் வேண்டும் என்றால் மடக்குவதுதான். நூறு வாட் நாலைந்து கிலோ. இருநூறு வாட் எட்டுக் கிலோவை ஒட்டி. மேல் பூச்சு என்ன என்று கேளுங்கள். இடிஎஃப்இ என்பது வெயிலில் பல வருடம் நிற்கும். வெறும் பெட் (PET) பூச்சு நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் மஞ்சளாகி, கொப்புளம் கண்டு, உரிய ஆரம்பிக்கும். பேனல் இதழ்கள் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருந்தாலும், பின்னால் யுஎஸ்பி துளை இருக்கும் சின்னப் பெட்டி பெரும்பாலும் தாங்காது. தூறல் விழுந்தால் எடுத்துவிடுங்கள்.

மலைக்கே போவதில்லை, கரண்ட் கட்டுக்கு மட்டும்தான் என்கிறவர்கள் மடக்குப் பேனலில் பணத்தைப் போடாதீர்கள். 12 வோல்ட் வகைக் கண்ணாடிப் பேனல், நூறு வாட்டோ 160 வாட்டோ, பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். அதன் விஓசியும் 21, 22 வோல்ட்தான். பெரும்பாலான பெட்டிகளுக்கு ஒத்துப்போகும். மேலே அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் இருப்பதால் இருபது வருடத்துக்குக் குறையாமல் உழைக்கும். காற்று அடிக்கும் நாளில் மாடியில் விட்டுவைக்காமல் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நம்மிடமிருந்து பெங்களூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் பெரிய சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே செய்வது பெரிய மின் பண்ணைகளுக்கான கண்ணாடிப் பேனல்கள். முகாமுக்கான மடக்குப் பேனல் நமக்கு இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. விலை ஏறி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது எத்தனை வாட் என்ற கேள்விக்கு வரலாம். 500 வாட் மணிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். புயலுக்குப் பிந்திய ஒரு ராத்திரிக்கு என்ன வேண்டும்? 30 வாட் பிஎல்டிசி ஃபேன் எட்டு மணி நேரம்: 240. ஒன்பது வாட் பல்பு ஐந்து மணி நேரம்: 45. நாலு போன்: 60. வைஃபை ரூட்டர் ஆறு மணி நேரம்: 60. மொத்தம் 405, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 450ஐத் தாண்டும். பெட்டி விடிவதற்குள் காலி. மறுநாள் அதை நிரப்ப வேண்டும். டிசம்பரில் வெளுத்த நாளில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலு மணி நேர முழு வெயிலுக்குச் சமம். நூறு வாட் பேனல் என்றால், நூற்றை நாலால் பெருக்கி அதில் 70 சதவீதம்: 280. போதாது. இருநூறு வாட் என்றால் 560. ஒரே பகலில் நிரம்பும். மேக மூட்டமான நாளில் இதில் கால் பங்கு வந்தாலே பெரிது. அதனால் அன்று ஃபேனை நிறுத்தி, போனையும் விளக்கையும் மட்டும் பாருங்கள். என் தீர்ப்பு இது: 500 வாட் மணிப் பெட்டிக்கு 200 வாட், 250 வாட் மணிப் பெட்டிக்கு 100 வாட். 1000 வாட் மணிப் பெட்டிக்கு உள்ளீடு அனுமதித்தால் 400, அதாவது இரண்டு 200. இதற்குக் கீழே போனால் நம் டிசம்பரில் பெட்டி நிரம்பாது.

சமையலை இதில் சேர்க்காதீர்கள். காட்டில் தீ மூட்டக் கூடாது என்பது சரி. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். வறண்ட மலையில் தீ என்னவெல்லாம் செய்யும் என்று அன்று பார்த்தோம். அதற்காக இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனால், 1000 வாட் அடுப்பு அரை மணியில் உங்கள் 500 வாட் மணியைத் தின்று முடித்துவிடும். சின்னப் பெட்டிகள் அந்த அடுப்பை ஏற்றுக்கொள்ளவே மாட்டா. புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போங்கள்.

வாட் கொஞ்சம் என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 1990களில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் மின்சாரமும் இல்லை, பேட்டரியும் வரவிடவில்லை. அங்கே நம் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் வரும் ஏறக்குறைய மூன்று வாட் கரண்டில் வானொலி கேட்டார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. உங்களிடம் இருக்கப்போவது இருநூறு வாட். தெருவில் யார் வீட்டில் நெபுலைசர் இருக்கிறது, யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள், யார் வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார் என்று பட்டியல் எடுத்தால், அந்த இருநூறு வாட் எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரியும். நெபுலைசர் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஓடினால் போதும். அதற்கு வேண்டிய கரண்ட் ஒரு போனுக்கு வேண்டியதை விடச் சற்றுதான் அதிகம்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டரி எல்எஃப்பி வகையா என்று பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று முழுதாகவும் எழுதியிருப்பார்கள். மற்ற லித்தியம் வகைகள் சில நூறு முறை சார்ஜ் செய்ததும் தளரும். எல்எஃப்பி மூவாயிரம் முறையையும் தாண்டும், சூட்டையும் அதிகம் தாங்கும். என்றாலும் பெரும்பாலான பெட்டிகள் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். பேனல் வெயிலில், பெட்டி நிழலில் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; அதற்காகத்தான் மூன்று மீட்டர் வயர். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சும்மா இருக்கும் மாதங்களில் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். அக்டோபர் தொடங்கியதும் முழுதாக ஏற்றி வையுங்கள். வெள்ளம் வரும் என்று சொன்னால் பெட்டி தரையில் இருக்கக் கூடாது.

பேனலின் மேல் ஆவடிச் சாலைத் தூசு படியும்; லாரிகள் ஓடும் பகுதி. ஈரத் துணியால் காலையிலேயே துடைத்துவிடுங்கள். தேங்காய் நாரோ பாத்திரம் தேய்க்கும் ஸ்கிரப்பரோ படக் கூடாது. பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடம் நிரந்தரமாக மங்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வருட மழைக்கு முன்னால், செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேனலையும் பெட்டியையும் மல்டிமீட்டரையும் மாடிக்குக் கொண்டுவாருங்கள். காலை ஒன்பது மணிக்கு விரித்து, மணிக்கொரு தடவை எத்தனை வாட் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாய்வை மாற்றிப் பாருங்கள், கையால் ஒரு மூலையை மறைத்துப் பாருங்கள், நாலு மணிக்குள் பெட்டி எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறை ஏதும் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கடையில் மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும். அந்த நோட்டை நம் தெருச் சங்கத்திலும் ஒரு நகல் கொடுத்துவையுங்கள். முதலில் யார் வீட்டுக்குக் கரண்ட் என்ற பட்டியலையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். நானும் வந்து பேனலைப் பிடித்துக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
பாரிவாக்கத்திலிருந்து உங்கள் அண்ணன்